ரீலுக்கு அடியில் சுற்றிய நூல்

தூண்டில் ரீலில் கண்ணுக்குத் தெரிகிற கயிற்றுக்கு அடியில், மெல்லியதாக, வெள்ளையாக இன்னொரு நூல் சுற்றியிருக்கும். அதற்குப் பேக்கிங் என்று பெயர். எங்கள் ஊரில் இந்தச் சொல் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: பண்ணை வீட்டுச் சின்னய்யா, என் வீட்டுக்காரர், நான். சின்னய்யா சொல்லி என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் சொல்லி எனக்குத் தெரியும். மீன் பிடிக்கிற சாமானில் உனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று யாராவது கேட்கலாம். எங்களுக்கிருந்த ஒரே நிலம், ஆறு மா வயல், அதாவது இரண்டு ஏக்கர், ஒரு வருஷம் அந்த ரீலை நம்புவதா வேண்டாமா என்பதில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அக்கறை வராமல் என்ன செய்யும்?

காவிரித் தண்ணீர் பாய்கிற ஊரில் மீன் பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள், மண்புழு. விரால் வேண்டுமென்றால் புழுவுக்குப் பதிலாகச் சின்னத் தவளையை முள்ளில் கோத்து, குளத்து அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர்மேல் தத்தவிட வேண்டும். என் வீட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர். வேலை இல்லாத நாளில் அவரைத் தேட வேண்டுமானால் நேராகக் குளக்கரைக்குப் போனால் போதும். எங்கள் தூண்டிலில் ஒளிவு மறைவு கிடையாது. கழியின் நுனியிலிருந்து முள் வரைக்கும் இருப்பதெல்லாம் வெளியே தொங்கும்.

சின்னய்யாவின் தூண்டில் அப்படிப்பட்டதல்ல. அவர் பெரிய பண்ணையின் ஒரே மகன். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம். அங்கே குளிர்ந்த ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன் இருக்கிறதாம். அது மண்புழுவைச் சீந்தாதாம். தண்ணீர்மேல் வந்து உட்காருகிற ஈயைத்தான் தின்னுமாம். அதனால் இறகையும் நூலையும் முள்ளில் கட்டி ஈ மாதிரி ஒன்று செய்து, நீளமான கயிற்றைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய் ஈயைத் தண்ணீர்மேல் பூப்போல இறக்க வேண்டும். தோட்டத்துப் பெரிய துரை ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி மீன் பிடிக்கப் போவாராம். அவரோடு போன சின்னய்யா, முள்ளை வீசித் துரையின் தொப்பியைப் பிடித்துவிட்டார். அந்த அவமானம் தாங்காமல்தான் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து வீசிப் பழகுகிறார். இதெல்லாம் என் வீட்டுக்காரர் வந்து சொன்ன கதை. நான் முதலில் பார்த்தது வேறு.

நான் பார்த்தது இது. மார்கழி கடைசி. பண்ணையின் நெற்களம் அறுப்புக்கு முன்னால் வெறிச்சென்று கிடந்தது. சின்னய்யா அங்கே குச்சி நட்டிருந்தார். ஒவ்வொரு குச்சியின் தலையிலும் வெள்ளைத் துணி. ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சிக்கு அடி வைத்து நடந்தார். பிறகு ஒரு கோலை எடுத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் நின்று, அந்தக் கோலின் நுனியிலிருந்து பச்சைக் கயிற்றைக் குச்சி குச்சியாகப் பார்த்து வீசினார். கயிற்றின் முனையில் முள் இல்லை, சிவப்புக் கம்பளி நூல் ஒரு துணுக்கு. முள் இல்லாத தூண்டிலை, தண்ணீர் இல்லாத களத்தில் வீசினால் அதற்குப் பெயர் மீன்பிடியா? நிலம் அளக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். வயலில் இருந்த ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அப்படி நினைக்கிற காலமாகவும் அது இருந்தது. கறுப்பு சிவப்புக் கொடி கோட்டைக்குப் போயிருந்தது. எங்கள் தெரு முனையில் சிவப்புக் கொடி பறந்தது. ஒரு குடும்பம் இவ்வளவுக்குமேல் நிலம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டம், உழுகிற குத்தகைக்காரனை வெளியேற்றக்கூடாது என்று சட்டம், குத்தகைக்காரன் பெயரைப் பதிய வேண்டும் என்று இன்னொரு சட்டம். நாய் பேரிலும் பூனை பேரிலும் நிலத்தை எழுதி வைக்கிறார்கள் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து தூக்கமில்லாமல் புரள்வார்கள். பக்கத்து ஊர்களில் அறுத்த நெற்கட்டுகளை மறித்தார்கள், வயலில் இறங்கியவனை அடித்தார்கள். யார் யாரோடு பேசினாலும், என்ன பேசினார்கள் என்று மூன்றாவது ஆள் கேட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் கதை இன்னும் மோசம். என் மாமனார் பண்ணையில் ஆளாக இருந்தவர். அவருடைய கடைசிக் காலத்தில் பெரிய ஐயா, அதாவது சின்னய்யாவின் அப்பா, பண்ணை வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருந்த ஆறு மாவைக் குத்தகைக்கு விட்டார். வாய் வார்த்தைதான். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வருஷா வருஷம் குத்தகை நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கும்பிட்டுவிட்டு வருவோம். அந்த வயலை உழுவது நாங்கள்தான் என்பதற்கு வயலில் நிற்கிற பயிரைத் தவிர வேறு சாட்சி இல்லை. பயிர் இல்லாத நாளில் அது யாருடைய வயல் என்று கேட்டால், பண்ணை வயல் என்றுதான் ஊரே சொல்லும்.

அதனால்தான் எங்களுக்கு உளுந்து முக்கியம். எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்னாலேயே, நெல் நிற்கும்போதே, தாளுக்கு நடுவில் ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். உழவு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். கதிர் அறுத்து எடுத்ததும் அடியிலிருந்து உளுந்து இரண்டு இலை விட்டுச் சிரிக்கும். ஒரு பயிர் போய் இன்னொரு பயிர் வருவதற்கு நடுவில் வயல் ஒருநாள்கூட வெறுமையாக இருக்காது. வரும்படி கொஞ்சம்தான். ஆனால் மாசி மாதம் கணக்குப்பிள்ளை பயிர் பார்க்க வருவார், அஜமாயிஷ் என்பார்கள் அதை. அவர் வரும்போது எங்கள் வயலில் எங்கள் பயிர் நிற்க வேண்டும்.

நிலைமை இப்படி இருக்கும்போது சின்னய்யா எங்கள் வரப்புக்கு வந்தார். என் வீட்டுக்காரர் மடை வெட்டிக்கொண்டிருந்தார், நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்று, "அண்ணே, வேலையா இருக்கீங்களா?" என்றார்.

எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது. பண்ணை வீட்டில் தவழ்கிற குழந்தைகூட எங்களை வாடா போடா என்றுதான் கூப்பிடும். பெரிய ஐயாவுக்கு என் வீட்டுக்காரரின் பெயரே 'டேய்'தான். இவர் அண்ணே என்கிறார், இருக்கீங்களா என்கிறார். மரியாதை கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோன்றும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்காமல் வருகிற மரியாதைக்குப் பின்னால் ஒரு விலை இருக்கும்.

விலை உடனே வந்தது. "அறுப்பு ஆரம்பிச்சா களம் எனக்குக் கெடைக்காது அண்ணே. இந்தக் கொல்லை வயல்ல இந்த ஒரு வருஷம் உளுந்து தெளிக்காம விட முடியுமா? அறுத்ததும் மாட்ட விட்டு மேச்சுட்டா தரை நல்லா இருக்கும். வீசிப் பழக எடமில்லை."

நான் தலையை நிமிர்த்தாமலே கேட்டேன். "ஆத்துல தண்ணி நிறுத்திட்டா காத தூரத்துக்கு மணலா கெடக்குங்களே, அங்க வீசக்கூடாதுங்களா?"

"மணல்ல வீசினா கயிறு தேஞ்சு போயிடும்மா. வெலை ஒசந்த கயிறு."

பதில் ரொம்பச் சுலபமாக வந்தது. யோசித்து வைத்த பதில்தான் அவ்வளவு சுலபமாக வரும் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரோ மண்வெட்டியை நட்டுவிட்டு அவர் கையிலிருந்த கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னய்யா அதைக் கவனித்துவிட்டார். "பிடிச்சுப் பாருங்க" என்று நீட்டினார். அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். அந்தக் கோல் இலேசாக, பிரம்பு மாதிரி வளைந்து கொடுக்குமாம். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் களத்துக்கு ஓடினார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே ரீலைப் பற்றிப் பேசுவார். பேக்கிங் என்ற சொல் அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

"மேல இருக்குற பச்சைக் கயிறு கனம். அந்தக் கனத்துலதான் ஈ பறந்து போவுது. ஆனா அது நீளம் பத்தாது. பெரிய மீனு கவ்விக்கிட்டு ஓடுனா, கயிறு பூரா போயிடும். அப்பத்தான் அடியில உள்ள வெள்ள நூலு வெளிய வரும். அது இல்லாட்டி மீனும் போச்சு, கயிறும் போச்சு."

"தெனமும் வருமா அது?"

"எங்க வருது! சின்னய்யா இத்தன வருஷத்துல ஒருக்காதான் பாத்திருக்காராம். சும்மா இருக்கும்போது அதுக்கு வேற வேல. உருளையோட வயித்த ரொப்பிக்கிட்டுக் கெடக்கும். அது ரொம்பி இருந்தாத்தான் மேல உள்ள கயிறு சுருளாம வரும்."

"அப்ப கண்ணுக்குத் தெரியாம கெடக்குறதுதான் பிடிச்சு வச்சிருக்கு?"

"அதேதான்" என்றார், நான் என்னமோ ரீலைப் பாராட்டிவிட்டது மாதிரி.

நான் பாராட்டவில்லை. எனக்குப் புரிந்தது இதுதான்: சின்னய்யா மேலே தெரிகிற கயிறு. அண்ணே என்பதும் கோலை நீட்டுவதும் பச்சைக் கயிறு. அடியில் யாரோ சுற்றிக் கிடக்கிறார்கள். பெரிய ஐயா படுக்கையில் இருந்தார், வெளியே வருவதில்லை. படுத்தபடியே பத்து ஊர்க் காரியம் பார்க்கிறவர் அவர். உளுந்து இல்லாமல் வயல் கிடக்கும், கணக்குப்பிள்ளை வருவார், தரிசு என்று எழுதுவார், அடுத்த போகம் பண்ணை ஆட்கள் ஏர் பூட்டுவார்கள். இதற்கு மகனை அனுப்பி, ஒரு பொய் ஈயை எங்கள் மூக்குக்கு முன்னால் பறக்கவிட்டிருக்கிறார்கள். வாயைத் திறந்துகொண்டு போய்க் கவ்வியது என் வீட்டு விரால்.

அவரிடம் சொன்னேன். கத்திச் சொன்னேன், அழுது சொன்னேன். "வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். டீக்கடையிலும் போய், இந்த வருஷம் கொல்லை வயலில் உளுந்து தெளிக்கவில்லை, சின்னய்யா கேட்டுக்கொண்டார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.  இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு என்ன செய்ய என்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து பாத்திரங்களிடம் கேட்டேன்.

கதிர் பழுத்துத் தலை சாய்ந்தது. தெளிக்கிற நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, "மன்னார்குடி வரைக்கும் போயிட்டு வரேன். பொழுது சாயத்தான் வருவேன்" என்றார். வாசலில் இறங்கியவர் திரும்பி நின்று, "சாயங்காலந்தான் வருவேன்" என்று மறுபடியும் சொன்னார். என்ன வேலையாகப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர்மேல் இருந்த கோபத்தில் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவர் தலை மறைந்ததும் விதை உளுந்தைத் தேடினேன். பானைக்குள் இருக்கும், எடுத்துப் புடைத்துக் கல் பொறுக்க வேண்டும் என்று பயந்துகொண்டே போனால், புடைத்த உளுந்து சுத்தமாகக் கூடையில் இருந்தது. நான்தான் என்றைக்கோ புடைத்து வைத்து மறந்திருக்கிறேன் என்று நினைத்தேன். வயலுக்குப் போனேன். அறுப்பு நெருங்கினால் வயலைக் காயவிடுவோம், காய்ந்த மண்ணில் உளுந்து முளைக்காது, என்ன செய்யப் போகிறேன் என்று வழியெல்லாம் கவலை. மடை சரியாக அடைபடாமல் தண்ணீர் கசிந்து வயல் பூராவும் பதமாக ஈரமாக இருந்தது. சாமியே பார்த்துக் கசியவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உச்சி வெயில். ஊர் ஆட்கள் எல்லாரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறுப்பில் இருந்தார்கள். நெல்லுக்கு நடுவில் புகுந்து, ஒரு கண் பண்ணை வீட்டுக் கொல்லைக் கதவின்மேல் வைத்தபடி, ஆறு மாவிலும் கை வீசித் தெளித்தேன். யாரும் பார்க்கவில்லை என்பதில் அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றபோது உளுந்து எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் குனிந்து ஒரு முளையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தெருவே கேட்கிற மாதிரி என்னைத் திட்டினார். என் வாக்கைக் கெடுத்துவிட்டாய், இனிமேல் எந்த முகத்தோடு சின்னய்யா முன்னால் நிற்பேன் என்றார். சோறு வேண்டாம் என்று வட்டிலைத் தள்ளினார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. உன் வாக்கை உலையில் போட்டால் கஞ்சியாகுமா என்று கேட்டேன். சின்னய்யா வந்தார். வரப்பில் நின்று கொஞ்ச நேரம் முளையைப் பார்த்துவிட்டுக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபிக்காத ஆளை எப்படி நம்புவது? அதுவும் என் கணக்கில் சேர்ந்தது.

நான் நினைத்தது அப்படியே நடந்தது. மாசியில் கணக்குப்பிள்ளை வந்தார், தனியாக வரவில்லை. குத்தகை பதிகிற விஷயமாகத் தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரியும், பண்ணையின் காரியஸ்தரும் கூடவே வந்தார்கள். வரப்பில் ஏறியதும் கணக்குப்பிள்ளை நின்றார்.

"தரிசுன்னுல்ல சொன்னீங்க?" என்று காரியஸ்தரைக் கேட்டார்.

எனக்கு உச்சந்தலை குளிர்ந்தது. நான் சொன்னது சொன்னபடி. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆனால் காரியஸ்தர் லேசுப்பட்டவரா? ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, "தரிசு போட வேணாம்னு பண்ணையிலேர்ந்து உளுந்து தெளிச்சோங்க. ஆளு விட்டுத் தெளிச்சது. சொந்த சாகுபடி" என்றார்.

அதிகாரி எங்களைப் பார்த்தார். இளவயதுக்காரர், கண்ணாடி போட்டவர். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நாந்தாங்க தெளிச்சேன். எங்க வயலுங்க" என்றேன்.

"பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

யார் இருக்கிறார்கள்? ஊரே அந்தப் பக்கம் இருக்கிற நேரம் பார்த்து, யார் கண்ணிலும் படாமல் தெளித்த கெட்டிக்காரியல்லவா நான்! காரியஸ்தர் சிரித்தார். "கேளுங்க சார், இவ புருஷனே இந்த வருஷம் உளுந்து தெளிக்கலன்னு டீக்கடையில சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். ஊருக்கே தெரியும்." கணக்குப்பிள்ளை ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.  என் மாமனார் உழைத்துக் குத்தகைக்கு வாங்கிய ஆறு மா என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

அப்போது சின்னய்யா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் கோல், கயிறு தரையில் இழுபட்டது. ரொம்பக் கோபமாக இருப்பதுபோல முகம். நேராக அதிகாரியிடம் போனார்.

"சார், நீங்களே கேளுங்க. இவங்ககிட்ட நான் அப்பவே வந்து கேட்டேன், இந்த ஒரு வருஷம் உளுந்து தெளிக்காதீங்க, எனக்கு வீசிப் பழக எடம் வேணும்னு. சரின்னு சொல்லிட்டுத் தெளிச்சுட்டாங்க. இப்ப என் லீவே முடியப் போவுது."

காரியஸ்தர், "சின்னய்யா, நீங்க உள்ள போங்க" என்றார் அவசரமாக.

அதிகாரி பேனாவைக் கீழே இறக்கினார். "பண்ணை சாகுபடின்னு சொல்றாரே இவரு?"

சின்னய்யா ரீலின் பிடியைச் சுற்றினார். தரையில் கிடந்த கயிறு மெல்ல உள்ளே போயிற்று. அது முழுக்க உள்ளே போகிற வரைக்கும் பேசவில்லை. பிறகு, "பண்ணை சாகுபடியா இருந்தா நான் ஏன் சார் இவருகிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிக்கணும்? எங்க ஆளுங்ககிட்ட தெளிக்காதேன்னு சொன்னா முடிஞ்சுது" என்றார்.

 அதிகாரி எழுதினார். என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு, அவர் அப்பா பெயரைக் கேட்டு எழுதினார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். 

சின்னய்யா தெரிந்து சொன்னாரா, இல்லை விளையாட இடம் போன வயிற்றெரிச்சலில் உளறினாரா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்து சொன்னார் என்றால், முதலில் ஏன் வந்து உளுந்து வேண்டாம் என்று கேட்டார்? அப்பா சொல்லித்தான் கேட்டிருக்க வேண்டும். உளறினார் என்றால், கயிறு முழுக்க உள்ளே போகும்வரை ஏன் காத்திருந்தார்? பெரிய ஐயா அதற்குப் பிறகு மகனோடு பேசவில்லை என்று பண்ணை வீட்டுச் சமையல்காரி சொன்னாள். அவள் சொல்வதையும் முழுக்க நம்ப முடியாது. லீவு முடிந்து கிளம்புகிற அன்று சின்னய்யா எங்கள் தெருவுக்கே வந்தார், அந்த வீட்டு ஆள் எங்கள் தெருவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ரீலைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். கோலை எடுத்துக்கொண்டார். "கோல் இல்லாம இத வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று நான் கேட்டேன். "இருக்கட்டும்மா" என்றார். 

கொடுத்த பொருளில் என்ன வைத்திருக்கிறாரோ என்று, அவர் பஸ் ஏறியதும் நான் அந்த ரீலைப் பிரித்தேன். பச்சைக் கயிற்றை இழுத்து இழுத்துத் தெருவில் போட்டேன். அது முடிந்ததும் வெள்ளை நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது, தெரு முனைக் கொடிக்கம்பம் வரைக்கும் போனேன். கடைசியில் உருளையில் ஒரு முடிச்சு. அதற்கு அடியில் ஒன்றுமில்லை. மறுபடியும் அதைச் சுற்ற என் வீட்டுக்காரருக்கு அந்தப் பொழுது பூராவும் ஆயிற்று. ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் சுற்றினார். ஏன் சுளிக்கவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

வயல் எங்களுக்கு நின்றது. பிள்ளைகள் படித்தார்கள், ஒருத்தி ஆசிரியை ஆனாள். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி வந்து குளக்கரைக்குப் போவது நின்றது. போக முடியாத நாட்களில் ரீலை எடுத்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒருநாள் மத்தியானம் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், பேச்சுவாக்கில் பழசை எடுத்தேன். நான் மட்டும் அன்றைக்கு உங்களைக் கேட்காமல் தெளித்திருக்காவிட்டால் இன்றைக்கு இந்த வீட்டில் அரிசி ஏது என்றேன். இதை நான் வருஷத்துக்குப் பல தடவை சொல்வேன். ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று கேட்டுக்கொள்வார். அன்றைக்கு ஏனோ சிரித்தார்.

"உளுந்த யாரு பொடச்சு வச்சது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அறுப்பு நேரத்துல மடையத் தெறந்துவிடற கிறுக்கன் எந்த ஊர்லயாவது இருக்கானா?" என்றார். "வாக்குக் குடுக்காம இருக்க முடியல. பெரிய ஐயா பகைய தாங்குற நெலமையா அப்ப? வாக்குக் குடுத்துட்டு நான் தெளிச்சா ஊரு காறித் துப்பும். நீ தெளிப்பேன்னு எனக்குத் தெரியும். ஒனக்குத்தான் யாரையும் நம்பப் புடிக்காதே."

"அப்ப அந்தத் திட்டு? சோறு வேணாம்னு வட்டிலத் தள்ளுனது?"

"தெருவு நம்ப வேணாமா? பசி தாங்கலதான், என்ன பண்றது." ரீலை என் பக்கம் திருப்பி, பச்சைக் கயிற்றைக் கொஞ்சம் விலக்கி அடியில் இருந்த வெள்ளை நூலை விரலால் தொட்டார். "சின்னய்யா இதக் காட்டி, இதுதான் கடைசில காப்பாத்தும்னு சொன்னாருல்ல, அப்ப எனக்கு ஒன் நெனப்புதான் வந்துச்சு."

நான் அவரை வாய் வலிக்கத் திட்டினேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அடுத்த தடவை நீ தெளிக்க மாட்டாயே என்றார். திட்டிவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெரிய ஐயாவைச் சந்தேகப்பட்டேன், சின்னய்யாவைச் சந்தேகப்பட்டேன், கணக்குப்பிள்ளையை, காரியஸ்தரை, மரியாதையான ஒரு வார்த்தையைக்கூட விடாமல் சந்தேகப்பட்டேன். தினமும் நான் போட்ட சோற்றை உண்டு, என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்ட மனுஷனை மட்டும், ஒருநாள்கூட, சந்தேகப்படத் தோன்றவில்லை.